யேசுதாஸ் வீட்டு ஒற்றைச் சொல்

கைகாட்டி யேசுதாஸின் பிள்ளை யாரைப் பார்த்து வாயைத் திறக்கிறதோ, அந்த ஆள் எட்டு நாளைக்குள் குழிக்குள் இறங்குவான் என்று 1952ஆம் வருஷக் கோடையில் ராயபுரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளம்பிய இடம் குழாயடி. குழாயில் தண்ணீர் காலை ஐந்து மணியிலிருந்து ஏழு வரைக்கும்தான் வரும். பேச்சுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. ஏழரைக்கு அது மாதா கோயில் வாசலைத் தாண்டி, எட்டு மணிக்குத் துறைமுக கேட்டில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தவர்களின் வாயில் போய் உட்கார்ந்துவிட்டது.

ஆதாரம் கேட்டவர்களுக்கு மூன்று பெயர்களைச் சொன்னார்கள். இட்லி விற்ற பவுனம்மாள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற இக்னேஷியஸ். வலைநூல் வியாபாரம் செய்த வரதன். மூன்று பேரிடமும் பையன் ஒரே ஒரு சொல்லைச் சொன்னானாம். மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம்.

பையனுக்கு வயது மூன்றே கால். பெயர் செபஸ்தி. அவனுக்குத் தெரிந்ததும் அந்த ஒரே ஒரு சொல்தான்.

அந்தச் சொல்லுக்குப் போகுமுன் யேசுதாஸின் பிழைப்பைச் சொல்லிவிட வேண்டும். கப்பலிலிருந்து மூட்டை இறக்கும்போது, கப்பலின் அடியறை வாயில் விளிம்பில் ஒரு ஆள் நிற்பான். அவனுக்குக் கைகாட்டி என்று பெயர். பாரத்தைத் தூக்கும் விஞ்சை ஓட்டுகிறவனுக்கு அடியறை தெரியாது. அடியறையில் நிற்கிறவர்களுக்கு விஞ்சு தெரியாது. இருவருக்கும் நடுவில் கைகாட்டி. மேலே இருப்பவனுக்கு அவன் கை, கீழே இருப்பவர்களுக்கு அவன் குரல். உள்ளங்கையை மேலே காட்டி ‘அபேஸ்’ என்று கத்தினால் பாரம் ஏறும். உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கி ‘ஆரியா’ என்று கத்தினால் பாரம் இறங்கும். கீழே நிற்பவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

‘அபேஸ்’ துறைமுக மதிலைத் தாண்டி ஊருக்குள் வந்ததும் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. இரண்டிலும் சரக்கு இருந்த இடத்தில் இருக்காது என்பதுதான் பொது. ‘ஆரியா’ எந்தத் தேசத்து மாலுமி விட்டுப்போனது என்று யாருக்கும் தெரியாது. அந்நாளில் மேடைகளில் அடிபட்டுக்கொண்டிருந்த ஆரியருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் கட்சிக்காரத் தம்பி ஒருவர் யேசுதாஸிடம் வந்து, நல்ல தமிழில் ‘இறங்கு’ என்று கூவலாமே என்று கேட்டுக்கொண்டார்.

“கூவலாம் தம்பி. விஞ்சு மேல குந்திக்கினு கீறாரே மஜீது பாய், அவரு எறங்கி வந்துட்டாருன்னா?” என்றார் யேசுதாஸ்.

துறைமுகத்து ஆட்கள் யாராவது இறந்துபோனாலும் யேசுதாஸைத்தான் கூப்பிடுவார்கள். கயிற்றில் பெட்டியைக் குழிக்குள் விடும்போது நான்கு பேருடைய கையும் ஒரே அளவாக இளக வேண்டும். இல்லையென்றால் பெட்டி சரியும், விதவை அலறுவாள். யேசுதாஸ் தலைமாட்டில் நின்று தணிந்த குரலில் “ஆரியா… ஆரியா…” என்று சொல்லிக்கொண்டே போவார். சாமியார் லத்தீனில் முடித்ததும் யேசுதாஸ் ஆரம்பிப்பார். சாமியாரின் பாஷையைவிட யேசுதாஸின் பாஷைதான் அங்கே பலருக்குப் புரிந்தது.

இப்படிக் குரலை வைத்துச் சாப்பிடுகிற மனிதருக்குப் பிறந்த பிள்ளை, மூன்று வயது முடிந்தும் ஒரு சொல் பேசவில்லை. காது நன்றாகக் கேட்டது. ஐஸ்காரனின் மணி தெருமுனையில் அடித்தால் திரும்பிப் பார்த்தான். வேண்டியதைக் கையால் காட்டினான். தண்ணீர் என்றால் கட்டைவிரல், தூக்கம் என்றால் கன்னத்தில் கை. பெரியாஸ்பத்திரி டாக்டர் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, “கேட்குது, புத்தியும் இருக்கு. சில குழந்தைங்க லேட்டாத்தான் பேசும். நிறைய பேசிக்கிட்டே இருங்க, போங்க” என்றார்.

பதினோரு குடித்தனம் இருந்த அந்த வீட்டில் டாக்டர் பேச்சுக்கு இருந்த மதிப்பு கொஞ்சம்தான். வசம்பைச் சுட்டுத் தேனில் உரசி நாக்கில் தடவினார்கள். கிளி கொத்திய கொய்யாப்பழம் கொடுத்தார்கள். கோயில் மணியைக் கழுவிய தண்ணீரைக் குடிக்கவைத்தார்கள். வயிறு போனது, வாய் திறக்கவில்லை. யேசுதாஸின் மனைவி இருதயம்மாளுக்கு வேறு ஆசையே இல்லை. “ஒருவாட்டி அம்மான்னு கூப்ட்டுட்டு, அப்பறம் அம்பது வருசம் ஊமையா இருடா, ஒண்ணும் கேக்கல” என்பாள் பையனிடம்.

கடைசியில் சொல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பவுனம்மாள் அவனைத் தூக்கிக்கொண்டு இட்லிக்கூடைப் பக்கம் போனாள். போனவள் அலறிக்கொண்டே திரும்பினாள். “அடியே இருதயம், பேசிட்டான்டி! ஆரியாங்கறான்டி!”

யேசுதாஸுக்குப் பெருமை தாங்கவில்லை. இருதயம்மாளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. “பத்து மாசம் செமந்தவ நானு. கப்பல் பாஷ பேசுது பாரு, துரை வூட்டுப் புள்ள” என்று பையனின் முதுகில் தட்டினாள்.

நான்காம் நாள் பவுனம்மாள் வாந்திபேதியில் இறந்துபோனாள். அடக்கத்தின்போது வழக்கம்போல யேசுதாஸ் குழியோரம் நின்று “ஆரியா” என்றார். கூட்டத்தில் நின்றிருந்த பக்கத்துக் குடித்தனத்து ஆலிஸ் சட்டென்று திரும்பி, இருதயம்மாளின் இடுப்பில் இருந்த செபஸ்தியைப் பார்த்தாள். மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குழாயடி கூடும் வரைக்கும் பொறுத்துக்கொண்டாள்.

கார்டு இக்னேஷியஸ் மே மாதத்தில் போனார். ஜூனில் வரதனைக் காணவில்லை. காணவில்லை என்பது குழாயடியில் ஒரு நாள்தான் நின்றது. இரண்டாம் நாள் அவர் இறந்துவிட்டார்.

அதற்குப்பின் செபஸ்தியை யாரும் தூக்கவில்லை. அவன் முற்றத்தில் நடந்து வந்தால் பெண்கள் தங்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். வீட்டுக்காரர் ஆள் அனுப்பி, அடுத்த மாதம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தானே வரப் பயம். திருவொற்றியூரிலிருந்து ஒருவர் பழக்கூடையோடு வந்து சேர்ந்ததுதான் உச்சம். அவருக்கு வயதான சித்தப்பா ஒருவர் இருந்தார். சித்தப்பாவுக்கு இரண்டு வீடுகள் இருந்தன. “புள்ளையை ஒரு அஞ்சு நிமிசம் இட்டாந்தீங்கன்னா போதும். வண்டி வெச்சி கூட்டிக்கினு போறேன்” என்று பணிவாகக் கேட்டார். இருதயம்மாள் கூடையைத் தெருவில் வீசினாள். ஆரஞ்சுப் பழங்கள் உருண்டு ஓடின. அதைக்கூட யாரும் பொறுக்கவில்லை.

அன்றைக்குத்தான் யேசுதாஸ் முடிவு செய்தார். “புரளின்னா அதுக்கு ஒரு அடி இருக்குமில்ல. நோண்டிப் பாத்துட்டு வரேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் கார்டு இக்னேஷியஸின் வீடு. அவருடைய விதவை, கணவர் ஆறு மாதமாக இரத்தம் இரத்தமாக இருமியதைச் சொன்னாள். பையனைப் பார்த்தாரா என்று கேட்டார் யேசுதாஸ். “பாத்தாரே. கோயில் கொடியேத்தத்தப்போ கொடி தெரியலன்னு தூக்கிக் காட்டினாரு. இருமல் வந்துச்சி, எறக்கி வுட்டுட்டாரு.” அதற்குமேல் அவளுக்கு ஞாபகமில்லை.

வரதனைத் தேடுவதுதான் கஷ்டமாக இருந்தது. இறந்தவரின் விலாசத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை. கடைசியில் அவருக்கு நெட்டுக்குப்பத்தில் ஒரு அக்கா இருப்பது தெரிந்தது. யேசுதாஸ் எண்ணூர் வரைக்கும் ரயிலில் போய், உப்புக் காற்றில் ஒரு மணி நேரம் நடந்து முகத்துவாரத்து ஓரம் இருந்த அந்தக் குடிசையை அடைந்தார். வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சுடச்சுட நண்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தது வரதன்தான். யேசுதாஸைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு எழுந்து, அவருடைய முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“பையன் கூட வரலியே?”

“வரல. நீ செத்துட்டியாம், தெரியுமா?”

“கேள்விப்பட்டேன். எனுக்கும் பேஜாராத்தான் இருந்துச்சி. அப்பறம் பாத்தா, செத்தவனா இருக்கறது சொகமாத்தான் கீது. வூட்ல மாமியா தொல்ல இல்ல பாரு.”

“அவன் உங்கிட்ட இன்னா சொன்னான்? நடந்தத அப்டியே சொல்லு.”

வரதன் விரலை நக்கியபடி யோசித்தார். “தூக்கினேன் மாமு. கடை வாசல்ல. தூக்கினவன் எறக்காம ஒருத்தர்கிட்ட பேசிக்கினே இருந்தேன். இவன் கைய இப்டி கவுத்து அமுக்கறான். அமுக்கிக்கினே ஆரியான்றான். நான் கண்டுக்கல. மறுக்கா ஆரியான்றான். எறக்கி வுட்டேன். சிரிச்சிக்கினு ஓடிட்டான். அன்னிக்கி ராத்திரியே எனுக்கு ஜொரம். ஆலிஸ் வந்து பவுனம்மா கதையைச் சொல்லிச்சி. அந்தச் சொல்லு எண்ணூர் ரயிலேறி வராதுன்னு இங்க ஓடியாந்துட்டேன்.”

யேசுதாஸ் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தினமும் சாயங்காலம் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை ரோட்டில் நடப்பார். வாசலுக்கு வந்ததும் இறக்கிவிடுவார். இறக்கும்போது வாய் தானாக என்ன சொல்லும் என்று அவர் ஒருநாளும் கவனித்ததில்லை. பவுனம்மாள் தூக்கினாள். கார்டு தூக்கினார். வரதன் தூக்கினார். பையன் மூன்று பேரிடமும் சொன்னது ‘கீழே விடு’ என்பதுதான். அவன் பேசியே விட்டிருந்தான். இடம் பார்த்து, அர்த்தம் தெரிந்து, தேவைக்கு ஒரு முழு வாக்கியம்.

“வரதா, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வந்து குழாயடில ஒருவாட்டி நின்னுடுப்பா. போதும்.”

“ஐயோ வாணாம். செத்தவன் எந்திரிச்சி வந்துட்டான்னு அதுக்கொரு புரளி கெளம்பும். என்னிய உட்ரு.”

யேசுதாஸ் தனியாகத்தான் திரும்பினார். ஆனாலும் அன்று மாலை முற்றத்தின் நடுவில் நின்று, கப்பல் விளிம்பில் நிற்பது போலக் குரலெடுத்துப் பதினோரு குடித்தனத்துக்கும் விளக்கம் சொன்னார். அதற்கு அர்த்தம் இறக்கிவிடு என்பதுதான், வேறொன்றும் இல்லை என்றார்.

ஆலிஸ் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். “எறக்கி வுடுன்னுதாண்ணே நாங்களும் சொல்றோம். எங்க எறக்கி வுட்றதுன்றதுதான் கேள்வி.”

முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆலிஸ் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை என்பது யேசுதாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சொல்லை ஊருக்குக் குழியோரத்தில் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

மறுநாள் காலை ஆறு மணி. கோதுமையை இறக்கி முடித்த அமெரிக்கக் கப்பல் ஒன்றில் சரக்கு ஏற்ற வேண்டியிருந்தது. சீக்கிரம் போக வேண்டும். யேசுதாஸ் புறப்படும்போது செபஸ்தி காலைக் கட்டிக்கொண்டான். தூக்கி முத்தம் கொடுத்தார். இருதயம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். பையனுக்குத் தூக்கியது போதும் போலிருந்தது. அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தான். கையைக் கவிழ்த்தான்.

“ஆரியா.”

அது வெறும் ‘கீழே விடு’தான் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே மனிதர் யேசுதாஸ்தான். நெட்டுக்குப்பம் வரைக்கும் நடந்து போய் விசாரித்து வந்தவர். இருந்தும் தன் கை தானாகவே எழுந்து அந்தச் சின்ன வாயைப் பொத்துவதை அவர் பார்த்தார். பொத்தியது கொஞ்சம் அழுத்தமாகிவிட்டது. பையனின் கண் பிதுங்கியது. இருதயம்மாள் பாய்ந்து பிடுங்கினாள். பிடுங்கியவள், இரண்டு விரலால் அதே வாயில் படீரென்று அடித்தாள். “பெத்தவனையே பாத்தாடா சொல்ற?”

பையன் அழவில்லை. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

துறைமுகத்தில் அன்று புழுக்கம். கடல் அசையாமல் எண்ணெய் போலக் கிடந்தது. விஞ்சில் மஜீது. அடியறையில் ஆறு பேர். அவர்களில் ஒருவன் ராசையா. இருபத்திரண்டு வயது, தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அன்று வேலை, கரையில் இருந்த சாமான்களை அடியறைக்குள் இறக்குவது. முதல் பாரம் இரும்புப் பட்டை போட்ட பெட்டிகள். அது அடியறை வாய்க்கு நேரே வந்து தொங்கியது. மஜீது, யேசுதாஸின் கையைப் பார்த்தார். யேசுதாஸ் கையைக் கவிழ்த்து அமுக்கினார். இருபது வருஷப் பழக்கம். கை தன் வேலையைச் செய்துவிட்டது.

வாய் திறந்தது. சொல் வரவில்லை. தொண்டையில் அது இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. அந்தச் சொல்லைச் சொன்னால் தானே தன்னைக் குழிக்குள் இறக்கிக்கொள்வது போல ஒரு கிலி. ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ. காற்று மட்டும் வந்தது.

மஜீதுக்குக் கை போதும். பாரம் இறங்கியது. அடியறையில் ராசையாவுக்குக் கை தெரியாது. குரல் வரவில்லை என்றால் பாரம் நிற்கிறது என்று அர்த்தம். அவன் நிதானமாக, கீழே கிடந்த பலகையை நகர்த்தக் குனிந்தான்.

வலது கால் கணுக்காலோடு போயிற்று.

விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: “குரல் கொடுத்தாயா?”

“குடுத்தேங்க” என்றார் யேசுதாஸ். இந்தச் சொல்லுக்கு மட்டும் நாக்கு தடுக்கவில்லை.

மஜீது தரையைப் பார்த்தபடி, “விஞ்சு சத்தத்துல எனக்கு எதுவும் கேக்காது சாப். கையைப் பாத்தேன். யேசுதாஸ் குடுக்காம இருந்ததே இல்ல” என்றார். அடியறையில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. ராசையாவின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள்.

குழாயடியில் வேறு மாதிரி எழுதிக்கொண்டார்கள். காலையில் பையன் அப்பாவைப் பார்த்துச் சொன்னானாம். அப்பா கெட்டிக்காரர், கையால் பொத்தி அதைத் திருப்பிவிட்டாராம். அது வழிமாறி ராசையாவின் காலில் போய் விழுந்ததாம். இதைக் கேட்டபோது யேசுதாஸ் வாயைத் திறந்து ஒரு வார்த்தை மறுக்கவில்லை. புரளியின் அடியைத் தோண்டிப் பார்க்கப் போன மனிதருக்கு இப்போது அந்தப் புரளி வேண்டியிருந்தது. மூன்றே கால் வயதுப் பிள்ளையின் தலையில் இருக்கும்வரை அது அவர் தலையில் இல்லை.

பதினைந்து நாள் கழித்து அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். இருதயம்மாள் அரிசிக் கடை வரிசையில் நின்றாள். பையனைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் ஆள் கிடையாது என்பதால் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். வார்டில் இருந்தவர்களுக்கும் கதை தெரிந்திருந்தது. இரண்டு கட்டில்காரர்கள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள்.

ராசையா மட்டும் சிரித்தான். “வா மாமு. பையன மறைக்காத. என்னிய பாத்துச் சொன்னாலும் பரவால்ல, பாதி ஏற்கெனவே போய்ட்டுது.”

யேசுதாஸ் ஸ்டூலில் உட்காரவில்லை.

“இவனாலதான்னு சொல்றாங்க. எங்காத்தாகூடச் சொல்லுது. நான் ஒத்துக்கல. நா கீழ இருந்தேன், எனக்குத் தெரியும். அன்னிக்கி ஆரியா வந்துச்சா, வரலியா? அத நீ சொல்லு. ஆப்பீசருக்கு வாணாம், குழாயடிக்கு வாணாம். எனக்கு மட்டும் சொல்லு.”

யேசுதாஸ் ஜன்னலைப் பார்த்தார்.

“வரலன்னா, நீ எனக்கு ஒரு ஆரியா பாக்கி மாமு. அத்த குடுத்துடு, தீந்துச்சி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

இடுப்பில் செபஸ்தி நெளிந்தான். அவனுக்குக் கீழே இறங்க வேண்டும். கையைக் கவிழ்த்துக் காற்றை அமுக்கினான். உதடு உள்ளே மடிந்து இறுகியிருந்தது.

“சொல்லு கண்ணு” என்றான் ராசையா. “என்னிய பாத்தே சொல்லு. யாரும் அடிக்கமாட்டாங்க.”

பையன் மறுபடி கையை மட்டும் அமுக்கினான். அடி வாங்கிய அந்தக் காலைக்குப் பிறகு அந்த வாயிலிருந்து எதுவும் வந்திருக்கவில்லை. யேசுதாஸ் குனிந்து அவனைத் தரையில் விட்டார். விடும்போது அவரும் வாயைத் திறக்கவில்லை. ராசையா இருவரையும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான்.

பொங்கலுக்குள் யேசுதாஸ் கிடங்கில் கிழிந்த சாக்குத் தைக்கிற வேலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே யாரும் கத்த வேண்டியதில்லை. அடக்கங்களுக்கும் இப்போது வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள். வேறு வீடும் பார்த்தாயிற்று. அங்கே குழாய் தெருவுக்கு வெளியே இருக்கிறது. செபஸ்திக்கு நான்கு வயது ஆகிவிட்டது. விரல்களால் நிறையப் பேசுகிறான். இருதயம்மாள் அவன் உதட்டை விரலால் தடவிக்கொண்டே தினமும் பேசிக்கொண்டிருக்கிறாள், டாக்டர் சொன்னபடி. இப்போது அவள் அம்மா என்று கேட்பதில்லை. “ஆரியான்னாச்சும் சொல்லுடா. அடிக்கமாட்டேன்டா” என்று கேட்கிறாள்.

ராசையா துறைமுக கேட்டுக்கு எதிரே கட்டைக்காலை நீட்டிக்கொண்டு பீடி விற்கிறான். யேசுதாஸ் வேலைக்கு உள்ளே போகும்போதும் வரும்போதும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். பீடிக்கட்டை நீட்டுவான். சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கிக்கொள்வான்.

“இது சரியாப் பூட்ச்சி மாமு. அந்தப் பாக்கி?”

“நாளைக்கி” என்பார் யேசுதாஸ். சாக்குத் தூசியில் இருமிக்கொண்டே, நடையைக் கொஞ்சம் எட்டிப் போடுவார்.